மீன் செதிலில் வலசையைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆற்றில் வளர்ந்த மீன் எப்போது கடலுக்குப் போனது, எப்போது திரும்பியது என்பதற்கான தடயம் அதன் செதிலின் வேதியியலில் பதிந்திருக்கும். இதற்காக மீனைக் கொல்ல வேண்டியதில்லை. நாலைந்து செதில் எடுத்துக்கொண்டு மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடலாம். இந்த முறையை நான் விரும்புவதே அதனால்தான். ஆனால் பெரிய தவறு, செதிலைப் புள்ளி புள்ளியாகச் சுரண்டி அதிலுள்ள தனிமங்களை அளக்க உதவும் லேசர் கருவியை நெருங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

கையில் அகப்பட்ட செதிலை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் அது. செதில் உதிர்ந்த இடத்தில் புதுச் செதில் வேகமாக முளைத்துவிடும். நுண்நோக்கியில் வைத்துப் பாருங்கள்: அசல் செதிலில் நடுப்புள்ளியைச் சுற்றி மெல்லிய வளையங்கள் நெருக்கமாக ஓடும். மறுபடி முளைத்ததில் நடுப்பகுதி வளையமே இல்லாமல் கலங்கலாகக் கிடக்கும். மீனின் குஞ்சுப் பருவம் அதில் இல்லவே இல்லை. எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் கிடைக்காது.

அடுத்தது, நீரிலிருந்து செதிலில் சேரும் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் கூடியிருந்தால் கடல்தான் என்று முடிவுகட்டுவது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் இருக்கும். பெரும்பாலான ஆறுகளில் அதில் நூறில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் உப்புப் படிவுகளும் ஜிப்சமும் உள்ள நிலத்தில் ஓடும் ஆறுகளில் கால்சியத்தோடு ஒப்பிட்ட ஸ்ட்ரான்சியம் விகிதம் கடலையே மிஞ்சலாம். ஆகவே ஆற்று நீரையும் அளந்தே ஆக வேண்டும்.

ஐசோடோப் விகிதம் (ஒரே தனிமத்தின் வேறுவேறு எடையுள்ள அணுக்களின் விகிதம்) பார்ப்பவர்களும் கழிமுகத்தில் ஏமாறுகிறார்கள். கடலில் ஸ்ட்ரான்சியம்-87க்கும் ஸ்ட்ரான்சியம்-86க்கும் உள்ள விகிதம் எங்கும் 0.7092. ஒன்பது பங்கு ஆற்று நீரில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே, கலவையில் உள்ள ஸ்ட்ரான்சியத்தில் பத்தில் ஒன்பது பங்கு கடலுடையதாகிவிடும். லேசாக மட்டுமே உப்புக் கரிக்கும் நீரில் திரிந்த மீன், கணக்கில் நடுக்கடல் மீனாகத் தெரியும். பேரியம் என்ற இன்னொரு தனிமத்தையும் சேர்த்து அளந்தால் குழப்பம் குறையும்.

செதிலை முழுதாகக் கரைத்து அளக்காதீர்கள். மேலடுக்கு விளிம்பில் வளர்கிறது. அடியிலுள்ள கொலாஜன் (நார்ப் புரத) அடுக்கோ செதில் முழுவதற்கும் கீழே வாழ்நாளெல்லாம் தடித்துக்கொண்டே போகிறது. லேசர் ஆழமாகப் போனாலும் குஞ்சுப் பருவத்தோடு பிற்காலம் கலந்துவிடும். சளியைக் கழுவிவிட்டு, செதிலைக் காகித உறையில் உலர்வாக வையுங்கள்.

செதில், மீனின் உட்காதில் இருக்கும் செவிக்கல்லைப் போல நிலையானதும் அல்ல. முட்டையிட ஆறேறும் சால்மன் இரை எடுப்பதை நிறுத்தி, தன் செதில் விளிம்பையே கரைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட மீனில் விளிம்பைப் ‘பிடிபட்ட நாள்’ என்று குறிக்கும் முன், வளையங்கள் பாதியில் அறுந்து நிற்கின்றனவா என்று பாருங்கள்.