பிவிசி பைப்பில் 30 மீட்டர் இறங்கும் கேமராப் பெட்டி

மட்டக்களப்புக்கு நேரே கடலில், 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கிய பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அங்கே கேமரா இறக்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் "தண்ணீர் உள்ளே போகாதா?" என்றுதான் கேட்கிறார்கள். பெட்டி நசுங்காதா என்று யாரும் கேட்பதில்லை.

10 மீட்டருக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கூடும். 53 மீட்டரில், 110 மி.மீ பைப்பின் ஒரு மூடியை மட்டும் கடல் 500 கிலோ அளவுக்கு அமுக்கும். பத்து சீமெந்து மூட்டை!

முதலில் பைப். அதில் 10 பார் என்று அச்சிட்டிருந்தால் ஏமாற வேண்டாம், அது உள்ளே ஓடும் தண்ணீருக்கு. உள்ளிருந்து அழுத்தினால் பைப் வட்டமாகவே விறைக்கும். வெளியிலிருந்து அழுத்தினால் கோணல் உள்ள பக்கமாக மடியும். வெற்று பிளாஸ்டிக் போத்தலின் காற்றை வாயால் உறிஞ்சிப் பாருங்கள், புரியும்.

கணக்கு இதுதான்: பைப் சுவரின் தடிப்பை ஆரையால் வகுத்து, வந்ததை மும்மடியாக்கி, 8760 ஆல் பெருக்கினால் நீளமான பிவிசி பைப் மடியும் அழுத்தம் பாரில் வரும். 110 மி.மீ பைப்பில் 3.2 மி.மீ தடிப்புக்கு 1.9 பார், 19 மீட்டரிலேயே கதை முடிந்தது. 5.3 மி.மீக்கு 9 பார். ஹெர்மிஸுக்கு அது போதும் போலத் தெரியும், ஆனால் கடைப் பைப் எதுவும் சரியான வட்டமில்லை. நான் 30 மீட்டரோடு நிறுத்துவேன்.

மூடியின் ரப்பர் வளையத்தில் மெல்லிய கிரீஸ் பூசுங்கள். என் முதல் பெட்டியில் வளையத்தின் கீழ் தங்கூசித் (நைலோன் தூண்டில் நூல்) துண்டு ஒன்று கிடந்து, வாளித் தண்ணீரிலேயே கசிந்தது. ஆழத்தில் அழுத்தமே வளையத்தை இறுக்கிவிடும், அதனால் வளையத்துக்கு முதல் சோதனை வாளித் தண்ணீரில்தான்.

அடுத்து கடல். கேமரா வேண்டாம், உள்ளே டிசு பேப்பர் மட்டும். பெட்டியின் எடையை நிறுத்து எழுதிவைத்து, கல் கட்டி, பாகத்துக்கு (சுமார் 1.8 மீட்டர்) ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் வள்ளத்திலிருந்து இறக்குங்கள். 10 பாகம், 17 பாகம், கடைசியாக 25 பாகம், அதாவது 45 மீட்டர், பாவிக்கப்போகும் 30 மீட்டரின் ஒன்றரை மடங்கு. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் விட்டு, மேலே எடுத்து, துடைத்து நிறுங்கள். சில கிராம் கூடினாலும் கசிவுதான். காற்றடித்துச் சோதிக்க வேண்டாம், வெடித்தால் துண்டு பறக்கும்.

கசிந்த பெட்டி மேலே வரும்போது உள்ளே அழுத்தம் அடைபட்டிருக்கலாம். மூடியை முகத்துக்கு நேரே பிடித்துத் திறக்காதீர்கள்.