லெப்பர்ட் கெக்கோ வளர்க்கப் போகிறீர்களா? முதலில் சூட்டைக் கவனியுங்கள்

புதிதாக லெப்பர்ட் கெக்கோ என்ற செல்லப் பல்லியை வளர்ப்பவர்கள் தீனியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம் சூடு. இந்தப் பல்லியால் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. வெதுவெதுப்பு குறைந்தால் தின்ற பூச்சி செரிக்காது. தொட்டியின் ஒரு பக்கத் தரை 31–33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 டிகிரி அளவில் இருக்கட்டும். தெர்மோஸ்டாட் (சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் ஹீட்டரைப் போடவே வேண்டாம், வயிற்றில் சூட்டுப்புண் வந்துவிடும்.

ஈரப் பாசி போட்டு, பல்லி நுழைய ஓட்டை விட்டு மூடிய டப்பா ஒன்றும் உள்ளே வையுங்கள். தோல் உரிக்க அது தேவை. உரித்ததும் கால்விரல்களைப் பாருங்கள். ஒட்டியிருக்கும் தோல் இறுகினால் விரலே போய்விடும், பாவம். வெதுவெதுப்பான, ஆழமில்லாத நீரில் சற்று நிற்கவைத்து, ஈரப் பஞ்சால் மெல்ல எடுங்கள். தீனிக்கு உயிருள்ள பூச்சிதான், கால்சியம் பொடி தூவி. வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், கழன்றுவிடும்.