மூத்தவர்களின் சுற்றுலா: பலனைக் கெடுக்கும் தவறுகள்

வயதானவர்களுக்குச் சுற்றுலா நல்லது என்பதில் சந்தேகமில்லை. அந்த நன்மை எதிலிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான், அது எங்கே கைநழுவிப் போகிறது என்பதும் பிடிபடும். வீட்டில் ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு மட்டும் நடப்பவர், வெளியூரில் தன்னையறியாமல் பல மடங்கு நடக்கிறார். புது வழியை நினைவில் வைப்பதும் தெரியாத மனிதர்களிடம் பேசுவதும் மூளைக்கு நல்ல வேலை. கிளம்பும் தேதி முடிவான நாளிலிருந்தே மனம் தெளிவடைகிறது. இதய நோய் அபாயம் அதிகமுள்ள நடுத்தர வயது ஆண்கள் 12,000-க்கும் மேற்பட்டோரை 9 ஆண்டுகள் கவனித்து, 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டுதோறும் விடுமுறையில் போனவர்களிடையே இறப்பு குறைவு என்று கண்டது. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தானே அதிகம் பயணம் போவார்கள் என்ற கேள்வியை அதோடு சேர்த்தே கேட்கவேண்டும். எப்படியிருந்தாலும் நடை, தூக்கம், துணை, எதிர்பார்ப்பு ஆகிய நான்கும்தான் பலனின் வேர். கீழே வரும் தவறுகள் ஒவ்வொன்றும் இவற்றில் ஒன்றையாவது வெட்டிவிடுகின்றன.

அவரைக் கேட்காமலே எல்லாவற்றையும் முடிவு செய்வது

பிள்ளைகள் அன்போடு செய்யும் தவறு இது. இடம், தேதி, தங்கும் அறை எல்லாம் முடிந்தபின் 'சும்மா வந்து உட்காருங்கள், போதும்' என்றால், எதிர்பார்ப்பு என்ற பலன் அப்போதே போய்விட்டது. எங்கே போகலாம், யார் கூட வரலாம் என்ற இரண்டையாவது அவர் வாயால் சொல்லவிடுங்கள்.

ஒரே நாளில் ஐந்து இடம்

இளையவர்கள் போடும் அட்டவணை இளையவர்களின் காலுக்குப் பொருந்தும். அசதி ஏறிய கால் தரையிலிருந்து சரியாக எழும்புவதில்லை. மாலையில் படியில் தடுக்கி விழுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஒரு நாளைக்கு ஒரு முக்கியமான இடம் போதும். மூட்டுவலி உள்ளவர்களுக்குக் காலையில் விறைப்பு விலக நேரமாகும் என்பதால் ஒன்பதரைக்கு மேல் கிளம்புவது நல்லது. மதியம் ஒரு மணி நேரமாவது படுக்க வேண்டும். ஒரே ஊரில் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். தினமும் பெட்டி கட்டிக் கிளம்பும் பயணத்தில் தூக்கம்தான் முதலில் கெடும். நேர மண்டலங்களைத் தாண்டிப் போகிறவர்கள், ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு உடம்பு பழக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கிழக்கு நோக்கிப் போனால் இன்னும் சிரமம்.

பயணத்துக்கு நாலைந்து வாரம் முன்பே நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, படியேறிப் பழகவேண்டும். புதுச் செருப்போ ஷூவோ வாங்கினால் அதே நாட்களில் போட்டு நடந்துவிடுங்கள். கிளம்பும் அன்று புதிதாகப் போட்டுக்கொண்டால் இரண்டாம் நாளே கொப்புளம். சர்க்கரை நோயாளிக்கு அது ஆறாத புண்ணாகவும் மாறலாம்.

கழிவறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது

எல்லாத் தவறுகளிலும் இதுவே மோசமானது, யாருக்கும் தெரியாமல் நடப்பதும் இதுதான். நடுவழியில் வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, காலையிலிருந்தே தண்ணீரைத் தொடமாட்டார்கள். வயதானால் தாகம் தெரிவது ஏற்கெனவே மங்கியிருக்கும். சிறுநீரகமும் நீரை முன்போலத் தேக்கிக்கொள்ளாது. மதியத்துக்குள் சிறுநீர் அடர் மஞ்சளாகும், இருக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றும், இரண்டு மூன்று நாளில் மலச்சிக்கல் வரும். சிறுநீர்த் தொற்று வந்தால், முதியவர்களில் சிலருக்கு எரிச்சலே இல்லாமல் திடீர்க் குழப்பமாக மட்டும் வெளிப்படும். சம்பந்தமில்லாமல் பேசுகிறார், நேற்று வந்த இடம் தெரியவில்லை என்றால், 'பயண அலுப்பு' என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

ஒரே மூச்சில் ஒரு பாட்டில் குடிப்பது பயன் தராது. மணிக்கொரு முறை அரை டம்ளர், அதாவது 100 முதல் 150 மில்லி குடித்தால் உடம்பில் தங்கும். யாரும் கேட்காவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்திவிடுவது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொண்டால், கேட்கும் கூச்சமே இருக்காது. ரயில், விமானத்தில் நடைபாதை ஓர இருக்கை எடுங்கள். இதயம் பலவீனமானவர்களும் சிறுநீரக நோயாளிகளும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது.

இதே பயத்தில், உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையை நிறுத்துபவர்களும் உண்டு. இரண்டு நாள் நிறுத்தினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். நிறுத்துவதற்குப் பதிலாக நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அடிக்கடி கொடுக்கப்படும் சில நீர் மாத்திரைகளின் வேகம் சுமார் 6 மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆகவே ஊர் போய்ச் சேர்ந்தபின் போட்டுக்கொள்ளப் பலருக்கு அனுமதி கிடைக்கும்.

மருந்துகளைப் பெரிய பெட்டியில் போடுவது

பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் மாத்திரையும் போய்விடும். எல்லா மருந்தும் கைப்பையில்தான் இருக்கவேண்டும், பயண நாட்களோடு ஒரு வாரத்துக்குக் கூடுதலாக. கிழமைவாரியாகப் பிரித்துவைக்கும் டப்பா வசதியானதுதான், ஆனால் பெயர் அச்சிட்ட அட்டைகளும் கூடவே வரவேண்டும். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் போதாது. வெளிநாட்டில் அதே மருந்து வேறு பெயரில் விற்கும், எனவே மூலப் பெயரையும் அளவையும் எழுதி வாங்குங்கள். இன்சுலின் விமானத்தின் சரக்குப் பகுதியில் உறைந்துபோகலாம், வெயிலில் நிறுத்திய காரில் கெட்டுப்போகும். உறைந்து உருகிய இன்சுலின் பார்க்க நன்றாக இருந்தாலும் அதைப் போடக்கூடாது.

கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்கப் பலர் மறக்கும் ஒரு கேள்வி: வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் எந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தவேண்டும்? உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் நீர் மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள், சில சர்க்கரை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். பதிலை ஒரு தாளில் எழுதி, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பயண வாந்திக்காகக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் பல தூக்கமும் தடுமாற்றமும் தருபவை. புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீரே அடைத்துக்கொள்ளலாம். விமானத்தில் தூக்க மாத்திரை போட்டால், அசையாமல் கிடக்கும் நேரம் கூடும். அடுத்து வருவது அதனால் விளையும் ஆபத்துதான்.

நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்வது

பஸ், கார், விமானம் எதுவானாலும் சரி, முழங்கால் மடங்கியபடியே இருந்தால் காலின் ஆழ்ந்த ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து ரத்தக்கட்டி உருவாகலாம். மணிக்கொரு முறை குதிகாலையும் முன்பாதத்தையும் மாறிமாறி இருபது தடவை தூக்கி இறக்கி, முடிந்தால் எழுந்து நடங்கள். முன்பு ரத்தக்கட்டி வந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், சமீபத்தில் இடுப்பு அல்லது முழங்கால் அறுவை செய்துகொண்டவர்கள் அளவெடுத்த அழுத்தக் காலுறை பற்றி மருத்துவரிடம் பேசவேண்டும். இதற்காக மட்டும் தானாகவே ஆஸ்பிரின் போட்டுக்கொள்வது நல்ல யோசனையல்ல.

உயரத்தைக் கணக்கில் எடுக்காதது

விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோலத்தான் இருக்கும். சமதரையில் 50 மீட்டர் நடக்கவே மூச்சு வாங்குபவர், பயணச்சீட்டு எடுக்குமுன் மருத்துவரைப் பார்க்கவேண்டும். விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு செலுத்தியிருந்தால், அது முழுதும் கரைந்துவிட்டது என்று கண் மருத்துவர் சொல்லும்வரை விமானமும் வேண்டாம், மலையும் வேண்டாம். மேலே போனால் அந்த வாயு விரியும், பார்வையே போகலாம்.

மலையூர்களில் 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல் எதிர்பார்க்கவேண்டியவை. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் காலைவரை காத்திருக்காமல் உடனே கீழே இறங்கவேண்டும்.

அறையைப் பகலில் பார்த்துவைக்காதது

பகல் முழுக்க ஜாக்கிரதையாக இருந்தவர் இரவு இரண்டு மணிக்குக் கழிவறைக்குப் போகும்போது விழுகிறார். கட்டில் வீட்டைவிட உயரம், கதவு எதிர்ப்பக்கம், சுவிட்ச் எங்கே என்று தெரியாது. அறைக்குள் நுழைந்ததும் கட்டிலிலிருந்து கழிவறைவரை ஒருமுறை நடந்துபார்த்து, வழியிலுள்ள பெட்டியையும் மிதியடியையும் ஓரமாகத் தள்ளிவிடுங்கள். பிளக்கில் செருகும் சிறிய விளக்கை வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம். விழித்ததும் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை அசைத்துவிட்டு எழவேண்டும். ஆண்களும் இரவில் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது, நின்றபடி மயங்கி விழுபவர்கள் உண்டு. அறை பதிவு செய்யும்போதே லிஃப்ட், பிடிமானக் கம்பி, தொட்டி இல்லாத குளியலறை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

இன்சூரன்ஸில் பழைய நோயை மறைப்பது

பிரீமியம் குறையும் என்று ரத்த அழுத்தத்தைச் சொல்லாமல் விட்டால், பக்கவாதம் வரும் நாளில் அதையே காட்டிப் பணத்தை மறுக்கலாம்.

திரும்பியபின் கவனிக்காதது

விடுமுறை தரும் உற்சாகம் சில வாரங்களில் வடிந்துவிடும். அதனால், ஆண்டுக்கொரு நீண்ட பயணத்தைவிட நாலைந்து நாள் பயணங்களை இடைவெளி விட்டு வைத்துக்கொள்வதுதான் எங்கள் சிபாரிசு. ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் ஒரு காலில் மட்டும் வீக்கமோ கெண்டைச்சதை வலியோ வந்தால் தைலம் தேய்க்காமல் உடனே ஸ்கேன் பார்க்கவேண்டும். காய்ச்சல் வந்தால் எந்த ஊருக்குப் போய்வந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே சொல்லுங்கள்.