நூறு பேருக்குச் சமைக்கும்போது வீட்டுக் கணக்கு எங்கே தப்புகிறது

என் தங்கையின் வளைகாப்புக்கு எண்பது பேர். சமையல் வீட்டிலேயே. முதல் பந்தியில் மல்லிகைப்பூவாக இருந்த சோறு, மூன்றாம் பந்தியில் கட்டி கட்டியாகக் கரண்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. சித்தி இலை இலையாகப் போய் அதை உதிர்த்துவிட்டுக் கொண்டிருந்தார். நாங்கள் செய்ததெல்லாம், நாலு பேருக்கான அளவை இருபதால் பெருக்கியதுதான்.

அண்டாவின் குணம் வேறு. சூடு மெதுவாக ஏறும், ஏறிவிட்டால் லேசில் இறங்காது. அடுப்பை அணைத்த பிறகும் உள்ளே வெந்துகொண்டே இருக்கும். கூட்டத்துக்குச் சமைப்பதில் வரும் பாதித் தவறுகள் இதை மறப்பதால்தான் வருகின்றன.

முதலில் சோறு. முழுதாக வெந்தபின் வடித்தால் குழைவது நிச்சயம். ஒரு பருக்கையை விரலால் நசுக்கினால் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிய வேண்டும், அப்போதே வடித்துவிடுங்கள். வடித்ததை அண்டாவிலேயே குவித்து இறுக மூடாதீர்கள். மேல்சோற்றின் பாரத்திலும் ஆவியிலும் அடிச்சோறு களியாகிவிடும். பாயில் சுத்தமான வெள்ளைத் துணியை விரித்துப் பரப்பி, ஆவி போனதும் இன்னொரு துணியால் லேசாக மூடினால் போதும். அப்புறம், மொத்த அரிசியையும் ஒரே உலையில் போடவே கூடாது. நூறு பேருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ ஆகும். அதைப் பந்திக்கு ஓர் உலையாகப் பிரித்துக்கொண்டால் கடைசிப் பந்திக்கும் சூடான சோறு கிடைக்கும். கடைசியில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் காலையிலிருந்து ஓடியாடி வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கு ஆறின சோறு போடுவது எனக்கு மனசுக்கு ஒப்பாத காரியம்.

சாம்பாரிலும் இதே கதைதான். கத்தரிக்காயும் முருங்கைக்காயும் முக்கால் பதம் வெந்ததும் இறக்கிவிடலாம், மீதி அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் அவ்வளவாக வற்றாது என்பதால், வீட்டு அளவைப் பெருக்கி ஊற்றினால் நீர்த்துப்போகும். உப்பு, புளி, மிளகாய்த்தூள் மூன்றையும் கணக்கில் முக்கால் பங்கு மட்டும் போட்டு, கொதித்தபின் ருசி பார்த்துக் கூட்டுங்கள். கூடிப்போன உப்பை அண்டா அளவில் சரிக்கட்டுவது பெரும்பாடு.

சேமியா பாயசம் நேரம் ஆக ஆக இறுகும். இறுகும்போது ஊற்றித் தளர்த்த, ஒன்றிரண்டு லிட்டர் பாலைக் காய்ச்சித் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டவே வேண்டாம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். மூடிய அண்டாவின் நடுப்பகுதி அந்த வெதுவெதுப்பில் மணிக்கணக்கில் கிடக்கும். சோற்றில் வளரும் பாசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது. அது உண்டாக்கும் ஒருவகை நஞ்சு, திரும்பச் சூடுபண்ணினாலும் போகாது. அதனால் “ராத்திரிக்கு ஆகும்” என்று அப்படியே மூடிவைக்காமல், கடைசிப் பந்தி எழுந்ததும் மிச்சத்தை அகலமான தட்டுகளில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். இடம் போதாவிட்டால் அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சூடாகவே கொடுத்தனுப்பி, உடனே சாப்பிட்டுவிடச் சொல்லுங்கள். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு முதலில் ஊசிப்போகும் என்பதால் முதலில் கொடுக்க வேண்டியதும் அதுதான்.