முதல் நூறு மைல் சைக்கிள் ஓட்டம்: காரைக்குடிப் பக்கத்தில் தயாராகிறவர்களுக்கு

நூறு மைல் என்றால் 161 கிலோமீட்டர். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போய்த் திரும்பி, அன்றைக்கே மறுபடியும் போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். பயப்பட வேண்டாம், மூன்று மாதம் இருந்தால் போதும்.

வார நாட்களில் இரண்டு தடவை ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட ஓட்டம். அதை 50 கிலோமீட்டரில் ஆரம்பித்து வாரம் பத்து பத்தாகக் கூட்டுங்கள், நான்காவது வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். 120 தொட்டாலே போதும், மீதிக்கு உங்களோடு ஓட்டுகிற கூட்டமே இழுத்துக்கொண்டு போய்விடும். மார்கழி, தையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும், அதனால் முதலில் திருமயம் பக்கம் எதிர்காற்றில் போய்விட்டுத் திரும்பும்போது காற்றோடு வாருங்கள். சித்திரை வெயிலில் இந்த வேலையே வேண்டாம்.

நம்ம ஊரின் உண்மையான எதிரி சீமைக்கருவேல முள். கானாடுகாத்தான் தாண்டி ஒரு டீக்காக ஓரமாக ஒதுங்கினேன், ஏறி உட்காரும்போது முன் டயர் தட்டையாகிக் கிடந்தது. ட்யூபை மாற்றிவிட்டுக் கிளம்பினால் இரண்டு கிலோமீட்டரில் புது ட்யூபும் போச்சு. பிறகுதான் பார்த்தேன், முள்ளின் நுனி ஒடிந்து ரப்பருக்குள்ளேயே நின்றிருக்கிறது, வெளியே ஒன்றுமே தெரியவில்லை. ஒரு மினி லாரியில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதனால் ட்யூப் மாற்றும்போது பழைய பருத்தித் துணியை டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு சுற்று ஓட்டுங்கள், முள் இருந்தால் துணி மாட்டும். இரண்டு ட்யூப், பம்ப், டயர் கழற்றும் லீவர், இவை இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

முதல் நாள் ராத்திரி மிளகுக்கோழி வேண்டாம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டுப் படுங்கள். பசித்த பிறகு சாப்பிடுவது தாமதம், எனவே கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும், அதாவது ஒரு வாழைப்பழம், இரண்டு பேரீச்சை, ஒரு சின்ன கடலைமிட்டாய். தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர், ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கலந்தது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பி வராது.

பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம். உரசும் இடத்தில் வாஸ்லைன் தடவுங்கள்.

புறப்படும்போது எல்லோரும் கொடி அசைத்ததும் பறப்பார்கள், விடுங்கள். முதல் 40 கிலோமீட்டரில் பக்கத்து ஆளோடு முழு வாக்கியம் பேச முடியவில்லையென்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். மணிக்கு 20 கிலோமீட்டர் போனாலே எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், நிற்கும் நேரத்துக்கு ஒரு மணி சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் திடீரென்று பிரேக் பிடிக்காதீர்கள், பள்ளம் வந்தால் பின்னால் வருபவருக்குச் சத்தமாகச் சொல்லுங்கள். 110 தாண்டியதும் எதற்கு வந்தோம் என்று ஒரு வெறுப்பு வரும், பெரும்பாலும் அது பசிதான். எதையாவது வாயில் போட்டு இருபது நிமிடம் பாருங்கள். நிறுத்தத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் கால் இறுகிவிடும்.

அப்புறம், புறப்படும் இடத்துக்கு மோட்டார் பைக்கில் போகிறவர்கள் திரும்பி ஓட்டிவர ஒரு ஆளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முடித்த பிறகு விரல்கள் கிளட்சைப் பிடிக்காது.