சாயப்பட்டறையில் உப்பைக் குறைப்பது எப்படி

நொய்யல் ஆற்றைக் காப்பாற்றும் வேலையைச் சாயம் போடும் மெஷினிலேயே தொடங்குங்கள். திருப்பூரில் புதிதாக டையிங் நடத்த வரும் தம்பிகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் நம் பட்டறைகளின் சாயத்தண்ணிதான் தேங்கியது. சுற்றுவட்டாரத்தில் கிணறு கெட்டது, தோட்டம் கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. விவசாயியும் அழிந்து, நம் ஆட்களும் வேலையில்லாமல் நின்ற அந்த வருசம் இன்னொரு தடவை வரக்கூடாது.

சாயம் துணியில் பிடிக்கத்தான் உப்புப் போடுகிறோம், அது கடைசியில் கழிவுத்தண்ணியில் வந்து நிற்கும். அந்தத் தண்ணியில் நிறத்தை எடுப்பது பெரிய காரியமில்லை. உப்பை எடுப்பதில்தான் காசு கரைகிறது. உப்பைப் பிரிக்கிற சவ்வு வடிகட்டியான ஆர்.ஓ. பெரும்பகுதித் தண்ணியை நல்லதாகத் திருப்பித் தந்துவிடும். மிச்சம் நிற்கும் கெட்டி உப்புத்தண்ணியை எவாப்பரேட்டரில் வற்ற வைக்க வேண்டும், அதற்குப் பாய்லர் எரிய வேண்டும். ஆக, போடுகிற ஒவ்வொரு கிலோ உப்புக்கும் வாங்கும்போது ஒரு தடவை, பிரிக்கும்போது ஒரு தடவை காசு கொடுக்கிறீர்கள்.

அதனால் முதலில் துணிக்கும் தண்ணிக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். 100 கிலோ பனியன் துணியைப் பழைய வின்ச் மெஷினில் 1:10-ல் ஓட்டினால் 1,000 லிட்டர் பாத், அதாவது சாயத்தண்ணி. லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் 60 கிலோ. அதையே 1:6-ல் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் போட்டால் 600 லிட்டர், 36 கிலோ. ஒரு லாட்டிலேயே, அதாவது ஒரு தடவை ஓட்டும் துணியிலேயே, 24 கிலோ மிச்சம். கடன் வாங்குவதானால் இந்த மெஷினுக்கு வாங்குங்கள், கட்டடத்துக்கு வேண்டாம்.

சோடியம் சல்பேட்டையும் சாதா உப்பையும் கலந்து போடாதீர்கள். ஒன்றை மட்டும் போட்டால் பிரித்தெடுத்துத் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்தலாம். கலந்தால் கிடைப்பது கலப்பு உப்பு. வாங்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாக ஷெட்டில் கிடக்கும்.

முதல் தடவையிலேயே கேட்ட ஷேடு வர வேண்டும். லேப் டிப்பை, அதாவது சின்னத் துண்டில் போட்டுப் பார்க்கும் மாதிரிச் சாயத்தை, அவசரப்பட்டு முடித்துவிட்டு, பிறகு துணியை வெளுத்து மறுபடி சாயம் போட்டால் உப்பும் தண்ணியும் ஏறக்குறைய இரட்டிப்பு. நல்ல லேப் மாஸ்டருக்குச் சம்பளம் கூடக் கொடுங்கள், தப்பில்லை.

சாய பாத்தைத் தனிக் குழாயில் விடுங்கள். அலசுகிற தண்ணி அவ்வளவு உப்பில்லாதது, அதைச் சுத்தம் செய்வது சுலபம். இரண்டும் ஒரே தொட்டியில் விழுந்தால் மொத்தத்தையும் உப்புத்தண்ணியாக நினைத்துத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

உப்பே இல்லாமல் சாயம் போட கோல்டு பேட் பேட்ச் முறை இருக்கிறது. துணியைச் சாயத்தில் நனைத்துப் பிழிந்து, உருளையில் சுற்றி, மணிக்கணக்கில் சுழல விடுவார்கள். பெரிய லாட் தொடர்ந்து வருகிறவர்கள் யோசிக்கலாம். பின்னல் துணியில் ஓரம் சுருளாமல் பார்க்கப் பழகிய கை வேண்டும். சின்னச் சின்ன லாட் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

ஜாப் ஒர்க் ரேட் பேசும்போது சுத்திகரிப்புச் செலவைக் கிலோவுக்கு இவ்வளவு என்று தனியாக எழுதிக் கேளுங்கள். சாய ரேட்டுக்குள் மறைத்து வைத்தால் பேரம் வந்ததும் முதலில் வெட்டுப்படுவது அதுதான், அப்புறம் ராத்திரியில் கழிவுத்தண்ணியை ஆற்றில் விட வால்வைத் திறக்கத் தோன்றும்.