டோலமைட்ஸ் மலைக்கு முதல் பயணம்: எதை முதலில் முடிவு செய்வது?

இத்தாலியின் வடகிழக்கு மூலையில் இருக்கும் டோலமைட்ஸ் மலைத்தொடருக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விமான டிக்கெட்டைத்தான் தேடுகிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. இந்த மலையில் உங்கள் தேதியை முடிவு செய்வது விமானம் இல்லை, மலைமேல் இருக்கும் தங்கும் குடில்கள். எனவே அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: மாதம்

நடைக்கு வருகிறவர்களுக்கு ஜூன் மூன்றாம் வாரம் முதல் செப்டம்பர் கடைசி வரைதான் காலம். குடில்கள் பெரும்பாலும் அந்த மூன்று மாதம்தான் திறந்திருக்கும். ஜூனில் போனால் உயரமான கணவாய்களின் வடக்குச் சரிவில் பனி கிடக்கும், வழுக்கும். ஆகஸ்ட் நடுவில் இத்தாலி முழுக்க விடுமுறை என்பதால் பாதையில் கூட்டம் தாங்காது. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது செப்டம்பர் முதல் இரண்டு வாரம். கூட்டம் குறைந்திருக்கும், இடிமழையும் ஜூலை, ஆகஸ்ட் அளவுக்கு இருக்காது.

இரண்டாம் படி: ஒரே ஊர், ஒரே ஒரு குடில் இரவு

ப்ராயஸ் ஏரியில் தொடங்கி பெல்லுனோ வரை போகும் ஆல்தா வியா 1 என்ற பாதை சுமார் 120 கிலோமீட்டர், பத்து நாள் நடை. அதைப் படித்துவிட்டு ஆசைப்படுவது இயல்புதான், ஆனால் முதல் பயணத்தில் வேண்டாம். கோர்த்தினா தம்பெட்சோ ஊரில் ஐந்தாறு நாள் தங்கி, பகலில் நடந்துவிட்டு இரவு ஊருக்குத் திரும்புங்கள், நடுவில் ஒரே ஒரு இரவு மட்டும் மலைமேல். வானிலை கெட்டால் மறுநாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். குடில் விட்டுக் குடில் போகிறவருக்கு அந்த வசதி கிடையாது, மழை பெய்தாலும் அடுத்த இடத்துக்கு நடந்தே ஆகவேண்டும்.

குடிலை அங்கே ரிஃபூஜியோ என்பார்கள். பேர்தான் குடில், பலதும் நாற்பது ஐம்பது பேர் தங்கும் கல்கட்டடங்கள். பல குடில்களில் குளிர்காலத்திலேயே முன்பதிவு நிரம்பத் தொடங்கிவிடும். இரவுச் சாப்பாடும் காலை உணவும் சேர்ந்த விலைக்கு ‘மெட்சா பென்சியோனே’ என்று பெயர், அதையே கேளுங்கள். சைவம் என்றால் முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள், ஏனென்றால் கனெதெர்லி என்ற ரொட்டி உருண்டை பார்க்கச் சைவம் மாதிரி இருந்தாலும் உள்ளே பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கலாம். கீரை போட்டது, சீஸ் போட்டது என்று கேட்டு வாங்குங்கள். பீட்ரூட் அடைத்த கசுன்சியேய் என்ற பாஸ்தா கிடைத்தால் விடாதீர்கள்.

குடில் உறுதியான பிறகே விமானம். வெனிஸ் விமான நிலையத்திலிருந்து கோர்த்தினாவுக்கு நேரடிப் பேருந்து உண்டு, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்.

மூன்றாம் படி: விசா, காப்பீடு

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்பு விண்ணப்பித்திருக்க வேண்டும். விசாவுக்காகக் குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்பீடு கேட்பார்கள். அந்தக் காப்பீட்டை எடுத்ததோடு நின்றுவிடாமல், மலைநடையும் ஹெலிகாப்டர் மீட்பும் அதில் அடங்குமா, எத்தனை மீட்டர் உயரம் வரை என்று வரிவரியாகப் படியுங்கள். கோர்த்தினா இருக்கும் வெனெதோ மாகாணத்தில், காயம் எதுவும் இல்லாமல் களைத்துப்போய் ஹெலிகாப்டரைக் கூப்பிட்டால் பெரிய தொகை கட்ட நேரிடும்.

நான்காம் படி: பாதையைப் படிக்கக் கற்றுக்கொள்வது

இதுதான் மிக முக்கியம், இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். அங்கே வழிகாட்டிப் பலகையில் கிலோமீட்டர் பெரும்பாலும் இருக்காது, நேரம்தான் இருக்கும். அது உள்ளூர்க்காரர் வேகம். பழக்கமில்லாதவர் அதோடு மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ள வேண்டும். தோராயக் கணக்கு இது: சமதளத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றத்தில் மணிக்கு 300 மீட்டர் உயரம். 5 கிலோமீட்டர் தூரம்தானே என்று பார்க்காதீர்கள், அதில் 900 மீட்டர் ஏற்றம் இருந்தால் அரைநாள் போய்விடும்.

பாதைகள் சிவப்பு வெள்ளை சிவப்புக் கோட்டோடு எண் போட்டிருக்கும். கடினத்தை எழுத்தால் குறிப்பார்கள். T என்றால் எளிய பாதை, E என்றால் சாதாரண மலைநடைப் பாதை, இரண்டும் நமக்கு. EE என்றால் அனுபவசாலிக்கு. EEA என்றால் வியா ஃபெராட்டா, பாறையில் இரும்புக் கம்பியைப் பிடித்து ஏறும் வழி, அதற்குத் தலைக்கவசமும் இடுப்புப் பட்டையும் அதிர்ச்சி தாங்கும் கயிறும் வேண்டும், முதல்முறை கட்டாயம் ஒரு மலை வழிகாட்டியோடுதான்.

இன்னொன்று, இந்தப் பகுதியில் இத்தாலியன், ஜெர்மன், லதீன் (பழைய லத்தீன் இல்லை, இந்த மலைகளின் சொந்த மொழி) என்று மூன்று மொழி பேசுகிறார்கள். ஒரே மலைக்கு இரண்டு பெயர் இருக்கும். த்ரே சீமே என்பதும் த்ரை சின்னென் என்பதும் ஒன்றுதான். குழம்ப வேண்டாம், பாதை எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: நாட்களை அடுக்குவது

முதல் நடைக்குச் சிங்க்வே தோர்ரி என்ற பாறைக் கோபுரங்கள். நாற்காலி லிஃப்டில் ஏறி, அவேராவ் குடில் வழியாக 2,575 மீட்டரில் இருக்கும் நுவோலாவ் குடிலுக்கு நடங்கள். 1883இல் கட்டியது, இந்த மலைகளின் மிகப் பழைய குடில்களில் ஒன்று.

அடுத்து த்ரே சீமே. கோடையில் அவுரோன்சோ குடில் வரை, 2,320 மீட்டர் உயரத்துக்கு, பேருந்தே போகிறது. சொந்தக் கார் என்றால் சுங்கச் சாலை, முன்பதிவு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று கோபுரங்களைச் சுற்றி வரும் பாதை சுமார் 10 கிலோமீட்டர். உங்கள் ஒரே குடில் இரவை இங்கே லவரேதோ குடிலில் வையுங்கள். மாலை பகல்நேரக் கூட்டம் இறங்கிப் போன பிறகு, அரைமணி நேரத்துக்குள் மேலே உள்ள கணவாய்க்கு ஏறிவிடலாம். அங்கிருந்து அந்தப் பாறைகள் மஞ்சளாகி, ரோஜா நிறமாகி, அப்புறம் சாம்பலாவதைப் பார்க்க வேண்டும். அதற்கு லதீன் மொழியில் ‘என்ரொசாதீரா’ என்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். தலைவிளக்கு இல்லாமல் மட்டும் ஏறாதீர்கள்.

நேரம் மிஞ்சினால் லகத்சுவோய் என்ற மலை. கேபிள் காரில் 2,752 மீட்டர் போய், முதல் உலகப் போரில் இத்தாலிய வீரர்கள் பாறைக்குள் குடைந்த சுரங்கம் வழியாக நடந்தே இறங்கலாம். தலைக்கவசம், விளக்கு இரண்டும் வேண்டும், படிகள் ஈரமாக, செங்குத்தாக இருக்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் கேபிள் காரிலேயே இறங்கிவிடுங்கள்.

ஆறாம் படி: பை

கணுக்கால் வரை பிடிக்கும் நடைச் சப்பாத்து, ஊரிலேயே ஒரு மாதம் போட்டுப் பழகியது. மழைச்சட்டை, கம்பளி அல்லது ஃப்ளீஸ் மேலாடை, குல்லா, கையுறை, கோடையிலும்தான். குடிலில் படுக்க மெல்லிய துணி உறை கட்டாயம். ரொக்கப் பணம். தண்ணீர் இரண்டு லிட்டர், ஏனென்றால் இந்தப் பாறை மழைநீரை உறிஞ்சிவிடும், பாதையோரம் ஊற்று கிடைப்பது அரிது.

ஏழாம் படி: மலைமேல் ஒரு நாள்

காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு இடி இறங்கும், எனவே இரண்டு மணிக்குள் முகட்டை விட்டு இறங்கியிருக்க வேண்டும். இடி கேட்டால் இரும்புக் கம்பி, தனிப்பாறை, உச்சி எல்லாவற்றையும் விட்டு விலகுங்கள். அவசரத்துக்கு 112. சிக்னல் இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் அல்லது விளக்கு, ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும்.

குடிலுக்கு வர முடியவில்லை என்றால் போன் செய்து சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் வழியில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து இருட்டில் தேடக் கிளம்பிவிடுவார்கள். தங்கிவிட்டுப் போகும்போதும் வாசலில் இருக்கும் குறிப்பேட்டில் பெயர், தேதி, அடுத்து எந்தப் பாதையில் எங்கே போகிறீர்கள் என்று மறக்காமல் எழுதுங்கள். நீங்கள் காணாமல் போனால் மீட்புக் குழு முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.